பாடலில் இல்லாத பெயர்: உன்னதப்பாட்டின் மானுடக் காதல் இறைக்காதலாக வாசிக்கப்பட்ட வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

எபிரேய விவிலியத்தில் இடம்பெறும் உன்னதப்பாட்டு, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவர் மீது ஒருவர் கொண்ட காதலைப் பாடுவது. கடவுளின் திருப்பெயர் அதில் வெளிப்படையாக ஓரிடத்திலும் இல்லை. ஆயினும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக யூத, கிறித்தவ மரபுகள் இரண்டும் அதனை இறைவனுக்கும் மனிதருக்கும் இடையிலான காதலாகவே பெரிதும் வாசித்து வந்துள்ளன. இவ்வாசிப்பு பாலியல் தன்மை கொண்ட ஒரு பாடலைத் திருநூல் தொகுப்பில் சேர்ப்பதற்காகப் பிற்காலத்தார் செய்த ஏற்பாடு என்னும் கருத்து பரவலாக உள்ளது. அக்கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. தீர்க்கதரிசிகளின் மணஉருவகம், கும்ரான் சுவடிகள், ரபிகளின் விவாதம், ஓரிகன் முதல் பெர்னார்து வரையிலான உரைகள், தமிழ் அகமரபுடனான ஒப்பீடு ஆகியவற்றின் வழியே, மானுடக் காதலை முழுமையாக ஏற்ற வாசிப்பே இறைக்காதலையும் விளக்க வல்லதாக இருந்தது என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உன்னதப்பாட்டு, மணஉருவகம், உடன்படிக்கை, உருவக வாசிப்பு, ஓரிகன், அகமரபு

முன்னுரை

எபிரேயத்தில் 'ஷீர் ஹஷ்ஷிரீம்' எனப்படும் நூல் தமிழில் உன்னதப்பாட்டு என்றும் இனிமைமிகு பாடல் என்றும் வழங்குகிறது. 8 அதிகாரங்களும் 117 வசனங்களும் கொண்ட சிறுநூல் இது. அளவில் சிறிதாயினும், விவிலிய நூல்களுள் இதற்கு எழுந்த உரைகள் மிகப் பல. அவ்வுரைகளின் பெருக்கத்திற்குக் காரணம் ஒரு வினா: சட்டமும் வரலாறும் தீர்க்கதரிசனமும் நிறைந்த திருநூலுக்குள் ஒரு காதற்பாட்டு எவ்வாறு இடம்பெற்றது?

இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. பாடல் தோன்றிய நாளிலேயே அது இறைக்காதலைக் குறித்தே பாடப்பட்டது என்பது ஒன்று. அது வெறும் மணவிழாப் பாடலாகவோ காதற்பாடலாகவோ இருந்தது. பின்னாளில் அதற்கு உருவகப் போர்வை போர்த்தித் திருநூலில் சேர்த்தனர் என்பது மற்றொன்று. முதல் விடை பாடலின் சொற்களுக்கு முரணாக உள்ளது. இரண்டாம் விடை வரலாற்றுச் சான்றுகளின் கால வரிசைக்குப் பொருந்தவில்லை. இரண்டும் காதலையும் பக்தியையும் ஒன்றையொன்று விலக்கும் பொருள்களாக முன்கூட்டியே கொண்டுவிடுகின்றன. அம்முன்முடிவு எபிரேய மரபுக்குரியதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலின் அமைப்பும் குரல்களும்

உன்னதப்பாட்டில் தொடர்ச்சியான கதை இல்லை. காதலர் இருவரின் கூற்றுகளும், 'எருசலேமின் குமாரத்திகள்' எனப்படும் மகளிர் குழுவின் இடையீடுகளும் மாறி மாறி வருகின்றன. மிகுதியான அடிகள் பெண்ணின் கூற்றாகவே அமைந்துள்ளன. நூல் தொடங்குவதும் முடிவதும் அவள் குரலில்தான். தாய் பல இடங்களில் சுட்டப்படுகிறாள். தந்தை ஓரிடத்திலும் சுட்டப்படவில்லை. திருமணச் சட்டம், சீர்ப்பொருள், மகப்பேறு ஆகிய சமூக அக்கறைகள் பெரும்பாலும் பின்னணிக்குச் சென்றுவிடுகின்றன. திராட்சைத் தோட்டம், அத்தி, மாதுளை, லீபனோனின் கேதுரு, எங்கேதியின் மருதோன்றி, மான், புறா என இயற்கைப் பொருள்கள் காதலரின் உடலையும் உள்ளத்தையும் சொல்லும் மொழியாகின்றன.

தலைப்பு சாலொமோனின் பெயரைத் தாங்குகிறது. ஆனால், நூலின் உள்ளே அவன் பெரும்பாலும் படர்க்கையிலேயே வருகிறான். இறுதி அதிகாரத்தில் சாலொமோனின் திராட்சைத் தோட்டத்திற்கு எதிராகத் தன் சொந்தத் தோட்டம் நிறுத்திப் பேசப்படுகிறது (8:11-12). ஆகவே காதலன் சாலொமோன்தான் என்று உறுதி கூற இடமில்லை. மொழிநிலையும் அவன் வாழ்ந்த கி.மு. 10ஆம் நூற்றாண்டைக் காட்டவில்லை. 4:13இல் வரும் 'பர்தேஸ்' என்னும் சொல் பாரசீக மொழியிலிருந்து வந்த கடன்சொல். இத்தகைய சான்றுகளால் அறிஞர் பலர் நூலின் இன்றைய வடிவத்தைப் பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பிற்பட்டதாகக் கருதுகின்றனர். தொன்மையான பாடல்கள் அதனுள் கலந்திருக்கலாம் என்பதை இம்முடிவு மறுப்பதில்லை.

கடவுளின் பெயரைப் பொறுத்தவரை ஒரே ஒரு விவாதத்திற்குரிய இடம் உண்டு. காதல் சாவைப்போல் வலியது என்னும் கருத்து அமைந்த 8:6இன் இறுதிச் சொல் 'ஷல்ஹெவெத்யா' என்பது. அதன் ஈற்றில் உள்ள 'யா' திருப்பெயரின் குறுக்கமா, அல்லது சுடரின் பெருமையைக் குறிக்கும் மிகுதிப் பொருள் ஒட்டா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. திருப்பெயர் என்றே கொண்டாலும், கடவுள் அங்குக் காதலராக வரவில்லை. காதலின் நெருப்புக்கு அளவுகோலாகவே வருகிறார். அதாவது, நூலின் உச்சத்தில் மானுடக் காதலைப் பற்றிய ஒரு கூற்று இறைமையின் எல்லையைத் தொட்டு நிற்கிறது. அதற்கு மேல் நூல் எதுவும் சொல்லவில்லை.

தீர்க்கதரிசிகளின் மணஉருவகம்

இறைவனுக்கும் இசுரயேலுக்கும் இடையிலான உறவைக் கணவன்-மனைவி உறவாகப் பேசும் வழக்கு உன்னதப்பாட்டின் உரைகாரர்கள் உருவாக்கியதன்று. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வட இசுரயேலில் வாழ்ந்த ஓசியாவின் நூலில் அது முழுவடிவில் காணப்படுகிறது. தீர்க்கதரிசியின் மணவாழ்வே அங்கு இறைவனின் துயரத்திற்கு உவமையாகிறது. இஸ்ரவேல் இனித் தன் இறைவனைப் 'பாகால்' என்னும் பொருள்பட அழையாமல் 'இஷி' என்று அழைக்கும் என ஓசியா 2:16 கூறுகிறது. இரண்டு சொற்களும் கணவனைக் குறிப்பவை. முதலாவது உடைமையாளன் என்னும் பொருளையும் கானானியத் தெய்வத்தின் பெயரையும் ஒருங்கே சுமப்பது; இரண்டாவது 'என் ஆடவன்' என்னும் நெருக்கத்தை உணர்த்துவது. உடைமையிலிருந்து உறவுக்கு நகரும் இம்மாற்றம் சமய வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

எரேமியா பாலைவனப் பயணத்தை மணப்பருவத்தின் அன்பாக நினைவுகூர்கிறார் (அதிகாரம் 2). எசேக்கியேல் எருசலேமைக் கைவிடப்பட்ட குழந்தையாகவும் பின் மணமகளாகவும் சித்திரிக்கிறார் (16). ஏசாயா நூலின் பிற்பகுதி, கைவிடப்பட்ட மனைவி மீண்டும் அழைக்கப்படுவதைப் பாடுகிறது (54, 62). ஆக, உன்னதப்பாட்டு இன்றைய வடிவம் பெறுவதற்கு முன்பே எபிரேயக் கேட்போரின் செவி இம்மொழிக்குப் பழகியிருந்தது.

'அன்பு' என்னும் சொல்லின் அகராதிப் பொருளும் இங்குக் கருதத்தக்கது. எபிரேயத்தில் 'அஹவா' என்பது காதலையும், பெற்றோர் அன்பையும், நட்பையும், இறையன்பையும் ஒருசேரக் குறிக்கும். உபாகமத்தில் கடவுளை அன்புகூர வேண்டும் என்னும் கட்டளை, பண்டைய அண்மைக் கிழக்கின் அரசியல் உடன்படிக்கைகளில் பேரரசனிடம் சிற்றரசன் காட்ட வேண்டிய பற்றுறுதியின் மொழியோடு ஒத்தது என வில்லியம் மோரன் 1963இல் எடுத்துக்காட்டினார். அவ்வகையில் 'அஹவா' சட்டத்தின் சொல்லாகவும் காதலின் சொல்லாகவும் ஒரே காலத்தில் இயங்கியது.

இரு நூல் வகைகளுக்கும் இடையே சொல்லும் உருவமும் பலவாறு பொதுவாக உள்ளன. ஏசாயா 5இல் 'தோதி' எனப்படும் நேசரின் திராட்சைத் தோட்டம் இசுரயேல் மக்களைக் குறிக்கிறது. உன்னதப்பாட்டில் அதே 'தோதி' பெண் தன் காதலனை அழைக்கும் சொல். திராட்சைத் தோட்டம் அவளையே குறிக்கும் உருவகம். ஓசியா 14:5-7இல் பனி, லீலி மலர், லீபனோனின் நறுமணம், நிழலில் அமர்தல் ஆகியன அடுத்தடுத்து வருகின்றன. இவை யாவும் உன்னதப்பாட்டிலும் உள்ளவை. காதலர் ஒருவருக்கொருவர் உரியவர் எனப் பெண் கூறும் 2:16, 6:3 ஆகிய வசனங்களின் தொடரமைப்பு, இறைவனும் மக்களும் ஒருவருக்கொருவர் உரியவர் என்னும் உடன்படிக்கை வாய்பாட்டை நினைவூட்டுகிறது. இவ்வொற்றுமைகளைக் கொண்டு உன்னதப்பாட்டு இறைக்காதலுக்காகவே இயற்றப்பட்டது என முடிவுகட்ட இயலாது. அதைக் கேட்டவர் இறைக்காதலை நினைவுகூர்ந்தது இயல்பே என்பதை மட்டும் இவை நிறுவுகின்றன.

ஆனால், ஒரு பெரும் வேறுபாடும் உண்டு. தீர்க்கதரிசிகளின் மணஉருவகத்தில் பேசுபவர் பெரும்பாலும் கணவராகிய கடவுளே. மனைவி குற்றஞ்சாட்டப்பட்டவளாக நிற்கிறாள். அவள் குரல் அரிதாகவே, அதுவும் கணவரின் மேற்கோளாகவே ஒலிக்கிறது. எசேக்கியேல் 16, 23 ஆகிய அதிகாரங்களில் அவளுக்கு நேரும் தண்டனை கொடியது; இன்றைய பெண்ணிய விவிலிய ஆய்வு அப்பகுதிகளைக் கடுமையான வினாவுக்கு உட்படுத்தியுள்ளது. உன்னதப்பாட்டிலும் வன்முறை அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. இரவில் காதலனைத் தேடும் பெண்ணை நகரக் காவலர் அடிக்கின்றனர் (5:7). ஆனால், அடிப்பவன் காதலன் அல்லன். துரோகக் குற்றச்சாட்டு நூலில் எங்கும் இல்லை.

ஆதியாகமம் 3:16இல் பெண்ணின் நாட்டம் கணவன் மேலும், அவன் ஆட்சி அவள் மேலும் இருக்கும் எனப்படுகிறது. 'தெஷுகா' என்னும் அந்த அரிய சொல் எபிரேய விவிலியத்தில் மூன்றே இடங்களில் வருகிறது. அவற்றுள் ஒன்று உன்னதப்பாட்டு 7:10. அங்கு நாட்டம் காதலனுடையது. அது பெண்ணை நோக்கியது. ஆட்சி பற்றிய பேச்சே இல்லை. ஏதேன் தோட்டத்தில் குலைந்த உறவு இந்நூலின் தோட்டத்தில் சீர்பெறுகிறது எனப் பில்லிஸ் டிரிபிள் 1978இல் வெளியிட்ட நூலில் விளக்கியதற்கு இச்சொல்லாட்சி முதன்மைச் சான்று.

திருநூல் தொகுப்பும் ரபி அக்கிவாவும்

உருவக வாசிப்புதான் இந்நூலுக்குத் திருநூல் தகுதியைப் பெற்றுத் தந்தது என்போர் மிஷ்னாவின் யாதாயிம் பகுதியைச் சான்று காட்டுவர் (3:5). உன்னதப்பாட்டும் பிரசங்கியும் 'கைகளைத் தீட்டுப்படுத்துமா' என்பது அங்கு விவாதம். திருநூல்களைத் தொட்ட கைகள் சடங்குநிலையில் தீட்டுறும் என்பது ரபிகளின் விதி. எனவே இச்சொற்றொடர் ஒரு நூலின் புனிதத்தைக் குறிப்பது. கி.பி. 135ஐ ஒட்டி மறைந்த ரபி அக்கிவா, உன்னதப்பாட்டின் புனிதத்தை இசுரயேலில் எவரும் மறுத்ததில்லை என்று வலியுறுத்தி, எல்லா எழுத்துகளும் தூயன எனில் இது தூயனவற்றுள் தூயது என்னும் கருத்துப்பட உரைத்தார்.

இவ்விவாதம் ஏற்கெனவே கையிலிருந்த ஒரு நூலைப் பற்றியது. கும்ரான் குகைகளில் இந்நூலின் நான்கு படிகளின் துணுக்குகள் கிடைத்துள்ளன. நான்காம் குகையில் மூன்று, ஆறாம் குகையில் ஒன்று. அவை அக்கிவாவின் காலத்துக்கு முற்பட்டவை. கண்டிப்பான சமய வாழ்வை மேற்கொண்ட ஒரு குழுவினரின் நூல்களோடு இந்நூலும் பேணப்பட்டது. மேலும், யாதாயிம் பகுதியில் நூலின் பாலியல் தன்மை ஆட்சேபத்துக்கு உரியதாகக் கூறப்படவில்லை. உருவகப்பொருள் தற்காப்பாகவும் முன்வைக்கப்படவில்லை.

தொசெப்தாவில் (சனெத்ரின் 12:10) அக்கிவாவின் மற்றொரு கூற்று உள்ளது. விருந்து மண்டபங்களில் இப்பாடலை ஏதோ ஒரு கேளிக்கைப் பாட்டெனக் குரல் நெளித்துப் பாடுவோரை அவர் கண்டிக்கிறார். இதிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. கி.பி. 2ஆம் நூற்றாண்டிலும் மக்கள் இதைக் காதற்பாட்டாகப் பாடினர். அக்கிவாவின் கண்டனம் பாடப்பட்ட இடத்தையும் முறையையும் பற்றியது.

அப்படியானால் இந்நூல் சமயவாழ்வில் ஏன் தேவைப்பட்டது? கெர்சன் கோகென் 1966இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு விடை தந்தார். இறைவனைக் கணவனாகக் கண்ட சமயத்திற்கு அக்காதலை வெளிப்படுத்தும் ஓர் உரையாடல் நூல் தேவைப்பட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். இவ்வாதத்தை ஒரு படி மேலே கொண்டுசெல்ல இயலும். தீர்க்கதரிசன நூல்களில் மனைவிக்குக் குரல் இல்லை. உன்னதப்பாட்டில் அவள் குரலே முதன்மையானது. பாடலை உடன்படிக்கையின் மொழியாக வாசித்தபோது, குற்றஞ்சாட்டப்பட்டு வாய்மூடி நின்ற இசுரயேலுக்கு முதன்முறையாகக் காதலியின் குரல் கிடைத்தது. எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் அழிக்கப்பட்ட பிறகு வாழ்ந்த தலைமுறைகளுக்கு, மறைந்துபோன காதலனை இரவில் தேடும் பெண்ணின் கூற்று எத்தகைய பொருள் தந்திருக்கும் என்பதை எளிதில் உணரலாம். பிற்காலத் தர்கூம் இந்நூல் முழுவதையும் எகிப்திலிருந்து விடுதலை பெற்றது முதல் மெசியாவின் வருகை வரையிலான வரலாறாக விரித்துரைக்கிறது. பாஸ்கா விழாவில் இந்நூலை வாசிக்கும் வழக்கமும் இவ்வாசிப்போடு தொடர்புடையது.

ஓரிகன் முதல் பெர்னார்து வரை

கிறித்தவ மரபில் இன்று எஞ்சியுள்ள உரைகளுள் தொன்மையானது 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்போலித்து இயற்றியது. ஆயினும் பின்வந்தோர்க்கு வழிகாட்டியது ஓரிகனின் உரையே. பத்துப் பகுதிகளாக அவர் கிரேக்கத்தில் இயற்றிய அவ்வுரையின் முதற்பகுதிகள் ரூபினுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பிலும், இரண்டு மறையுரைகள் எரோனிமுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பிலும் எஞ்சியுள்ளன. நூலை நாடகவடிவில் அமைந்த மணப்பாடலாக ஓரிகன் கண்டார். மணமகள் திருச்சபை, தனிமனித ஆன்மாவும் அவளே. மணமகன் இறைவார்த்தையாகிய கிறிஸ்து. செசரியாவில் வாழ்ந்த ஓரிகனின் உரையும், அக்காலத்துப் பாலஸ்தீன ரபியான யோகனானின் விளக்கங்களும் ஒன்றுக்கொன்று மறுமொழி கூறுவனவாக அமைந்துள்ளதை ரூவன் கிமெல்மன் 1980இல் ஆராய்ந்தார். ஒரே பாடலின் காதலி யார் என்பது இரு சமயங்களுக்கு இடையிலான உரிமைப் போட்டியாகவும் இருந்தது.

ஓரிகனின் முன்னுரையில் ஒரு சொல்லாய்வு இடம்பெறுகிறது. கிரேக்கத்தில் காதலுக்குரிய 'ஏரோஸ்', அன்புக்குரிய 'அகாபே' என்னும் இரு சொற்கள் உள்ளன. திருநூல் பெரும்பாலும் இரண்டாவதை ஆள்வது எளியோர் இடறிவிடாமல் இருக்கவே. பொருளளவில் இரண்டும் ஒன்றே. கடவுளை 'ஏரோஸ்' என்று அழைப்பதிலும் குற்றமில்லை என்பது அவர் கருத்து. 20ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு இறையியலார் ஆந்தர்ஸ் நீகிரென் இவ்விரு சொற்களையும் எதிர்முனைகளாக நிறுத்தினார். தன்னலம் கலந்த வேட்கை ஏரோஸ் என்றும், தன்னலமற்ற இறையன்பு அகாபே என்றும் பிரித்த அவரது நூல் பெரும் செல்வாக்குப் பெற்றது. ஆனால், எபிரேய விவிலியத்தின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவசிந்து, உன்னதப்பாட்டின் 'அஹவா' என்னும் சொல்லை 'அகாபே' என்றே பெயர்க்கிறது. காதல்நோயால் சோர்ந்த பெண்ணின் ஏக்கத்தைச் சொல்வதும் அதே சொல்தான். கடவுளின் அன்பைக் குறிக்கப் புதிய ஏற்பாடு தேர்ந்த சொல், கிரேக்க விவிலியத்தில் முன்பே காதற்படுக்கையின் சொல்லாக இருந்தது. சொல்வரலாறு நீகிரெனின் பிரிவினைக்கு ஆதரவாக இல்லை.

4ஆம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி 15 மறையுரைகளில் இறைநாட்டத்திற்கு முடிவே இல்லை என்னும் கருத்தை இந்நூலின் வழி விளக்கினார். 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோவின் பெர்னார்து 1135 முதல் 1153இல் இறக்கும்வரை 86 மறையுரைகள் இயற்றினார். அவை மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தையே எட்டின. சிஸ்தெர்சியத் துறவிகள் சிறுவர்களைச் சேர்க்காமல் வளர்ந்தோரையே துறவுக்கு ஏற்றனர் என்பதையும், அவர்களுள் பலர் உலகியற் காதலை அறிந்தவர்கள் என்பதையும் ழான் லெக்லேர்க் 1979இல் சுட்டினார். பெர்னார்து காதலின் மொழியைத் தவிர்க்காமல் கையாண்டதற்கு இக்கேட்போர் அவையும் ஒரு காரணம். அறிந்த ஒன்றைக் கொண்டே அறியாததைச் சொல்ல முடியும்.

யூத மரபிலும் இதே நிலை. 12ஆம் நூற்றாண்டின் ஆபிரகாம் இப்னு எஸ்ரா தம் உரையை மூன்று அடுக்குகளாக அமைத்தார்: முதலில் சொற்பொருள், அடுத்துக் காதலரின் நேர்க்கதை, இறுதியில் இசுரயேலின் வரலாறாகிய உருவகப்பொருள். மைமோனிதேசு, தம் சட்டத்தொகுப்பின் மனமாற்றம் பற்றிய பகுதியில், கடவுள் மீதான அன்பு எத்தகையது என விளக்க முனைந்தபோது, ஒரு பெண்ணின் நினைவிலிருந்து உள்ளம் விடுபடாத காதல்நோயாளனையே அளவுகோலாகக் கொண்டார். உன்னதப்பாட்டு முழுவதும் இதற்கான உவமை என்பது அவர் துணிபு. உவமை உண்மையாக இல்லாவிடில் உவமேயம் விளங்காது என்னும் அணியிலக்கண அறிவு இவ்வுரைகளில் செயற்படுகிறது.

நேர்ப்பொருளுக்கு நேர்ந்தது

இதற்கு மாறான போக்கும் வலிமையாக இருந்தது. நேர்ப்பொருளை மட்டும் சொன்னவர்கள் விலை கொடுத்தனர். 428இல் இறந்த மொப்சுவேசித்தியாவின் தியோதோர் இந்நூலைச் சாலொமோன் தன் எகிப்திய மணமகளுக்காகப் பாடியதாகக் கண்டார். 553இல் கூடிய இரண்டாம் கான்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கம் அவரைக் கண்டித்தபோது இக்கருத்தும் குற்றப்பட்டியலில் சேர்ந்தது. செபஸ்தியான் கஸ்தேலியோ இதனை உலகியற் காதற்பாடலாகக் கருதியது, 1544இல் ஜெனீவாவில் அவருக்கு ஊழியப் பணி மறுக்கப்பட்டதன் காரணங்களுள் ஒன்று. சாலமன்கா பல்கலைக்கழகப் பேராசிரியரும் கவிஞருமான லூயிஸ் தெ லெயோன் 1572 முதல் 1576 வரை விசாரணை மன்றத்தின் சிறையில் அடைபட்டார். உன்னதப்பாட்டை மக்கள்மொழியாகிய ஸ்பானியத்தில் பெயர்த்து விளக்கியது அவர் மீதான குற்றங்களுள் ஒன்று. அவர் விடுதலையான மறு ஆண்டில், சிலுவையின் யோவான் தொலேதோவில் தம் சபையினராலேயே சிறைவைக்கப்பட்டார். அச்சிறையில் அவர் இயற்றத் தொடங்கிய ஆன்மிகப் பாடல் உன்னதப்பாட்டின் மொழியிலேயே அமைந்தது. ஒரே பத்தாண்டில், ஒரே நாட்டில், ஒரே நூல் ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது. மற்றொருவருக்குச் சிறையில் துணைநின்றது.

18ஆம் நூற்றாண்டில் நிலை தலைகீழானது. ஹெர்டர் 1778இல் இந்நூலைக் காதற்பாடல்களின் தொகுதியாக விளக்கினார். தமஸ்குவில் பிரஷ்யத் தூதராக இருந்த வெட்ஸ்டைன் 1873இல் சிரிய நாட்டுப்புற மணவிழா வழக்கங்களை இதனோடு ஒப்பிட்டார். ஹாரிஸ் 500, செஸ்டர் பீட்டி 1 ஆகிய பாப்பிரசுச் சுவடிகளில் உள்ள எகிப்தியக் காதற்பாடல்கள் வெளிவந்தபின், காதலியைச் 'சகோதரி' என்றழைக்கும் உன்னதப்பாட்டின் வழக்குக்கு அங்கு இணை கிடைத்தது. மைக்கேல் ஃபாக்ஸ் 1985இல் இவ்விரு தொகுதிகளையும் முறையாக ஒப்பிட்டார். மெசபொத்தேமியாவின் இனன்னா-துமுசி மணப்பாடல்களோடு தொடர்புபடுத்திய ஆய்வுகளும் எழுந்தன. இவற்றால் நேர்ப்பொருள் மீண்டது. ஆனால், உருவக வாசிப்பு வெறும் மறைப்பு வேலையாக ஒதுக்கப்பட்டது. முன்னைய மரபினர் காதலை மறந்தனர் எனில், பின்னையோர் தீர்க்கதரிசிகளின் மொழியை மறந்தனர்.

தமிழ் அகமரபுடன் ஒப்பீடு

இந்நூலைத் தமிழ் அகப்பாடல்களோடு நேரடியாகத் தொடர்புபடுத்தியவர் எபிரேய மொழியியல் அறிஞர் கயீம் ராபின். 1973இல் வெளிவந்த அவரது கட்டுரை, பெண் கூற்றின் மேலோங்கிய இடம், இயற்கையின் பங்கு, பெண்ணின் ஏக்கம் ஆகியவற்றைப் பொதுக்கூறுகளாகக் காட்டி, பண்டைய கடல்வணிகத்தின் வழியே தமிழ்க் கவிதை மரபின் தாக்கம் இசுரயேலை எட்டியிருக்கலாம் என்றது. பீட்டர் கிரேகி 1979இல் இக்கருத்தை மேலும் ஆய்வுக்கு உட்படுத்தினார். ஆபிரகாம் மரியசெல்வம் 1988இல் உரோமையில் வெளியிட்ட நூலில் இரு மரபுகளின் குறியீடுகளையும் விரிவாக ஒப்பிட்டார். 1 இராஜாக்கள் 10:22இல் மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் 'துக்கியீம்' என்னும் சொல்லைத் தமிழ்த் 'தோகை'யோடு இணைக்கும் கருத்து வணிகத் தொடர்புக்குச் சான்றாகச் சொல்லப்படுவதுண்டு. ஆனால், ஒரு சொல் கப்பலேறியதைக் கொண்டு ஒரு கவிதை மரபே கப்பலேறியது எனக் கொள்ள முடியாது. சாலொமோன் காலத்திற்கும் நமக்குக் கிடைத்துள்ள சங்கப் பாடல்களின் காலத்திற்கும் இடையிலான நூற்றாண்டுகள் பல.

எனவே தாக்கம் பற்றிய வினாவைவிட, காதற்கவிதை பக்திக்கவிதையாகும் முறை பற்றிய ஒப்பீடே பயன் மிக்கது. தொல்காப்பியம் அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படலாகாது என விதிக்கிறது. பெயரின்மையால் அகப்பாடலின் தலைவன், தலைவி ஆகிய இடங்கள் எவரும் நிற்கத்தக்கனவாகின்றன. உன்னதப்பாட்டில் இத்தகைய இலக்கண விதி இல்லை. எனினும் காதலி 'சூலமித்தி' என்னும் அடைமொழியால் மட்டுமே, அதுவும் ஒரே வசனத்தில், சுட்டப்படுகிறாள். காதலனின் அடையாளமும் உறுதியாக இல்லை. இரு மரபுகளிலும் பெயரற்ற இடமே இறைமை நுழைந்த வாயில்.

நுழைந்த விதம் வேறு. 400 செய்யுள்கள் கொண்ட திருக்கோவையாரில், மாணிக்கவாசகர் அகத்துறைகளை முறைப்படி பாடி, தில்லைச் சிவபெருமானைப் பாட்டுடைத் தலைவனாக்கினார். கிளவித்தலைவர்களின் காதல் அங்கு முழுமையாகக் காதலாகவே நடக்கிறது. பேராசிரியர் உரையும் அகத்துறைகளின் இலக்கணத்தை விரித்தே பொருள் கூறுகிறது. தலைமக்களின் காதலையே ஆன்மாவுக்கும் சிவத்திற்கும் உரிய பேரின்பமாகக் காண்பது சைவ மரபின் மற்றொரு வாசிப்பு. திருவாய்மொழியில் நம்மாழ்வார் தாமே தலைவியாகவும் தாயாகவும் தோழியாகவும் நின்று திருமாலைப் பாடினார். ஆக, தமிழில் இறைமை கவிஞரின் படைப்பிலேயே இடம்பெற்றது. உன்னதப்பாட்டிலோ இறைமை வாசிப்போரின் வழியே வந்தது. தமிழில் புதிய நூல்கள் தோன்றியதால் குறுந்தொகை குறுந்தொகையாகவே நின்றது. எபிரேயத்தில் ஒரே நூல் குறுந்தொகையாகவும் திருவாய்மொழியாகவும் இருக்க நேர்ந்தது. அந்நூல் எதிர்கொண்ட தடைகளுக்கும் தண்டனைகளுக்கும் இந்த இரட்டைச் சுமை ஒரு முதன்மைக் காரணம். இவ்வேறுபாட்டைக் கருதாமல், உவமைகளின் ஒற்றுமையை மட்டும் பட்டியலிடும் ஒப்பாய்வு நிறைவு பெறாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. உன்னதப்பாட்டின் சொற்கள் மானுடக் காதலைப் பாடுவன. அதை மறுக்கும் வாசிப்பு நூலுக்கு முரணானது. இறைக்காதல் வாசிப்பு திருநூல் தகுதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு என்பதற்குக் கும்ரான் படிகளும் மிஷ்னாவின் விவாதமும் துணைநிற்கவில்லை. ஓசியா முதல் வளர்ந்த மணஉருவகமும் 'அஹவா' என்னும் சொல்லின் விரிந்த பொருளும் அவ்வாசிப்புக்கு இயல்பான தளம் அமைத்தன. அவ்வாசிப்பு மணஉருவகத்தையே மாற்றியது: தண்டிக்கும் கணவனும் வாய்மூடிய மனைவியும் நின்ற இடத்தில், ஒருவரையொருவர் தேடும் இருவரை அது நிறுத்தியது.

காதலின் உடலையும் மணத்தையும் பிரிவின் வலியையும் ஏற்ற உரைகாரர்கள் இறைக்காதலைப் பற்றியும் மிகுதியாகச் சொல்ல முடிந்தது. நேர்ப்பொருளைத் தண்டித்த காலங்களில் உருவகமும் வறண்டது. தமிழில் இந்நூலை மொழிபெயர்ப்போரும் கற்பிப்போரும் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. அகத்திணையின் சொல்வளத்தைக் கைக்கொண்ட மொழி, காதலைக் காதல் என்றே மொழிபெயர்க்கத் தயங்க வேண்டியதில்லை. பாடலில் இல்லாத பெயரை வாசகர் கேட்பதும் கேளாததும் அதன் பின்னரே நிகழ வேண்டியவை.